சுவரில் இருந்து நான் கிழித்த செய்தி

2005-ஆம் வருடம், சுனாமி வந்து போன அடுத்த கோடை. மரக்காணம் உப்பளத்தில், குத்தகைக்காரரின் ஆபீஸ் அறைச் சுவரில், என் பெயர் போட்ட ஒரு பத்திரிகைச் செய்தி ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் உறையெல்லாம் போட்டு அழகாகத்தான் ஒட்டியிருந்தார்கள். இருபது, இருபத்தைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை நானே கிழித்தேன். அந்த நாளை என்னால் மறக்கவே முடியாது.

எங்கள் வீடு அனுமந்தைக்கு மேற்கே, கொஞ்சம் உள்ளே தள்ளி. அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து வாருகிறார். நான் எப்படியோ படித்து, சென்னையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்துவிட்டேன். என்ன ஆராய்ச்சி என்று ஊரில் கேட்டால் சொல்லத் தெரியாமல் முழிப்பேன். இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. இருக்கிறது. அதன் மேல் கதிர்வீச்சு பட்டால் அங்கங்கே அடிபடும். அடிபட்ட இடத்தில் பெரும்பாலும் ஒரு ஆக்ஸிஜன் அணு வந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது அந்தத் துண்டின் எடை, துளியிலும் துளியாக, கூடிவிடும். அந்த எடையைக் கண்டுபிடிக்கிற தராசுதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். எத்தனை துண்டுகள் எடை கூடியிருக்கின்றன என்று பார்த்தால், டி.என்.ஏ. எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதுதான் என் வேலை.

கோடையில் உப்பு விளைகிற கடைசிப் பாத்தியில் தண்ணீர் லேசாக ரோஸ் நிறத்துக்கு மாறும். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது ஒரு நுண்ணுயிர். அவ்வளவு உப்பிலும் அவ்வளவு வெயிலிலும் சாகாமல் இருக்கிறது. கதிர்வீச்சையும் அது தாங்கும் என்று ஏற்கெனவே தெரியும். ஆனால் அதன் டி.என்.ஏ. அடியே படாமல் தப்பிக்கிறதா, அடிபட்டும் பிழைக்கிறதா? அதைப் பார்க்கலாம் என்று என் வழிகாட்டி மேடம் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். ஊர்த் தண்ணீரே என் ஆராய்ச்சி ஆகிவிட்டது.

சுனாமிக்கு முந்தின கோடையில், பாத்தியில் இருந்து பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மாவும், அம்மாவோடு கூட வாருகிற ஒரு அத்தையும் வரப்பில் நின்று பார்த்தார்கள். சொந்த அத்தை இல்லை, சின்ன வயதில் இருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். இந்தத் தண்ணிக்காகவா பஸ் ஏறி வந்தே என்று கேட்டுச் சிரித்தார் அத்தை.

தண்ணீரில் இருந்து அந்த உயிரை வளர்த்தெடுத்து, வேறொரு இடத்தில் இருந்த கோபால்ட் கருவியில் வைத்துக் கதிர்வீச்சு கொடுத்தோம். கூடவே, பக்கத்தில் வைத்து ஒப்பிட, எல்லா லேபிலும் இருக்கிற சாதாரண பாக்டீரியா ஒன்றையும் வைத்தோம். டி.என்.ஏ.-வைப் பிரித்து மெஷினில் போட்டோம். சாதாரண பாக்டீரியா நன்றாக அடி வாங்கியிருந்தது. எங்கள் ஊர் உயிரில் அடிபட்டதற்கான அடையாளத்தையே தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மேடம் அந்த கிராஃபை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார். அப்புறம் கேன்டீனில் இருந்து எல்லோருக்கும் டீ வரவழைத்தார். ஒரு மாநாட்டுக்கு ஆராய்ச்சிச் சுருக்கம் எழுதி அனுப்பினோம். அது ஏற்றுக்கொள்ளப்பட்டதும், எங்கள் மாவட்டப் பக்கச் செய்தி போடுகிற ஒரு நிருபர் என்னைத் தேடி வந்தார். உப்பளத் தொழிலாளியின் மகள், உப்பளத்தில் இருந்தே கண்டுபிடிப்பு. அவருக்கு அது நல்ல செய்தி.

அவர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். கடைசியில் நோட்டை மூடிக்கொண்டே ஒன்று கேட்டார். அப்படின்னா அந்த உப்புத் தண்ணிக்கே ஏதோ சக்தி இருக்குதுன்னு சொல்லலாமா என்றார். நான் சிரித்துக்கொண்டே, "இருக்கலாம்" என்றேன்.

அந்த ஒரே வார்த்தைதான். பெருமையில் வந்த வார்த்தை. செய்தியின் தலைப்பே அதுதான் ஆனது. கதிர்வீச்சையும் தடுக்கும் மரக்காணம் உப்புநீர், உப்பளத் தொழிலாளி மகள் கண்டுபிடிப்பு.

தலைப்பைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் அப்படிச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். ஆனால் பத்திரிகைக்குப் போன் போடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், என் போட்டோ நன்றாக வந்திருந்தது.

ஜூன் மாதம் ஊருக்குப் போனேன். அம்மா உப்பளத்தில் இருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். பல வருடம் உப்பின் வெள்ளை வெளிச்சத்தில் நின்று நின்று, அம்மாவுக்கு எப்போதும் கண் சிவந்திருக்கும், தண்ணீர் வடியும். பேச்சோடு பேச்சாக, நிழலுக்குக் கொட்டாய் போட்டாச்சா என்று கேட்டேன். சுனாமிக்கு அப்புறம் பாத்தியில் சேறு ஏறி, எல்லாவற்றையும் முதலில் இருந்து சரி செய்தபோது, இந்த முறை ஒரு கீற்றுக் கொட்டாயும் குடிதண்ணீர் டிரம்மும் காலுக்கு பூட்ஸும் வேண்டும் என்று பெண்கள் சேர்ந்து கேட்டிருந்தார்கள். பார்க்கலாம் என்று குத்தகைக்காரர் சொல்லியிருந்தார்.

அம்மா துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்குத் திக்கென்றது. அப்போது அங்கே வந்த அத்தைதான் போட்டு உடைத்தார்.

"உன்னாலதான்டி கெட்டுது."

போன வாரம் பெண்கள் மறுபடி போய்க் கேட்டிருக்கிறார்கள். குத்தகைக்காரர் கோபப்படவில்லையாம். அவர் கத்திப் பேசுகிற ஆளே இல்லை. நான் காலேஜ் சேர்ந்தபோது வீட்டுக்கு ஸ்வீட் கொடுத்தனுப்பியவர். அன்றைக்கும் சிரித்த முகத்தோடு சுவரில் இருந்த செய்தியைக் காட்டியிருக்கிறார். உங்க ஊர்ப் பொண்ணே கண்டுபிடிச்சிருக்குது, இந்தத் தண்ணியில நிக்கிறவங்களுக்கு வெயில் என்ன, கதிர் கூட ஒண்ணும் பண்ணாதாம், பேப்பர்லயே வந்துட்டுதே, அப்புறம் எதுக்குக் கொட்டாய் என்று கேட்டிருக்கிறார். பேப்பரில் வந்ததைப் பெண்கள் எப்படி மறுப்பார்கள்? என் பெயர் வேறு அதில் இருக்கிறது. என்னைப் பெற்றவர் பக்கத்தில் நிற்கிறார். மறுபடி பாத்திக்கே போய்விட்டார்கள்.

எனக்கு முதலில் அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. ஒரு நுண்ணுயிருக்கும் மனுஷ உடம்புக்கும் என்ன சம்பந்தம்? வெயிலும் டி.என்.ஏ.-வை அடிக்கிற கதிர்தானே? உடனே கிளம்பிப் போய் சண்டை போடலாம் என்று எழுந்தேன். அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆத்திரத்தில் போகாதே, எல்லாத்தையும் சரியா எழுதி எடுத்துக்கிட்டு வந்து பேசு என்றார்.

எழுதுவதற்காகத்தான் லேபுக்குப் போய் எல்லாக் குறிப்புகளையும் மறுபடி எடுத்தேன். யாரும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாத மாதிரி எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஓட்டையை நானே கண்டுபிடித்தேன்.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அண்ணன் அன்றைக்கு அதன் வாய்ப்பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சோதனை மாதிரி உள்ளே போகிற சின்னத் துளையைச் சுற்றி வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. உங்க சாம்பிள் போட்டாலே இப்படித்தாம்மா ஆகுது, உங்க ஊரு உப்பு என்றார். முன்பும் இரண்டு மூன்று தடவை அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

டி.என்.ஏ.-வை எடை போடுகிற மெஷினுக்கு உப்பு பெரிய எதிரி. துண்டுகளுக்கு மின்னேற்றம் கிடைத்தால்தான் மெஷின் அவற்றைப் பார்க்கும். உப்பு இருந்தால் அது குறுக்கே புகுந்து கெடுத்துவிடும். துண்டு அங்கேயேதான் இருக்கும், மெஷின் கண்ணுக்குத் தெரியாது. அதனால் உப்பை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும். கழுவினேன். ஆனால் சாதாரண பாக்டீரியாவுக்கு எத்தனை தடவை கழுவினேனோ, அத்தனை தடவைதான் உப்பிலேயே பிறந்து வளர்ந்ததையும் கழுவினேன். உப்பளத்தில் வளர்ந்த எனக்கு உப்பைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

அடிபட்டதுதான் என்று உறுதியாகத் தெரிந்த டி.என்.ஏ. துண்டு ஒன்றை அளந்து எடுத்து, வேண்டுமென்றே எங்கள் ஊர் உயிரின் மாதிரிக்குள் கலந்து, மெஷினில் போட்டேன். போட்டது எனக்குத் தெரியும். மெஷின் அதில் பாதியைக்கூடக் காட்டவில்லை. ஆபரேட்டர் அண்ணன் தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்தார், மறுபடி போட்டேன். அடுத்த நாளும் போட்டேன். அதேதான்.

எங்கள் ஊர் உயிர் அடிபடாமல் தப்பித்ததாக நாங்கள் சொன்னது, உப்பு மறைத்து வைத்த பொய். செய்தித் தலைப்பு மட்டும் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடியில் இருந்த அளவே தப்பு.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கிராஃபுகளை வரிசையாக மேஜையில் பரப்பி, நிதானமாகப் பார்த்தார். நான் சொன்னது சரி என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. திட்டவில்லை. கொஞ்சம் பொறு, மாநாடு முடியட்டும், அடுத்த கட்டுரையில் திருத்திக்கொள்ளலாம் என்றார். ஏன் என்று கேட்டேன். பல வருடம் மனதில் வைத்திருந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

"இந்த டிபார்ட்மென்ட்ல பொம்பளைங்க லேப் எப்போ சறுக்கும்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க. நாமளே போய் சறுக்கிட்டோம்னு சொல்லணுமா?"

அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தச் செய்தியை அவர் பார்க்கவில்லை. நான் அதைப் பற்றிச் சொன்னேன். அப்புறம், "அடுத்த பேப்பர் வர்ற வரைக்கும் எங்க அம்மா வெயில்ல நிக்கணும் மேடம்" என்றேன். அவர் கிராஃபுகளை அடுக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

என் ஆராய்ச்சியும் உதவித்தொகையும் அவர் கையெழுத்தில்தான் ஓடுகின்றன. அது தெரிந்துதான் அந்த அறையை விட்டு வெளியே வந்தேன். பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அது எப்போது வரும், வருமா என்று தெரியாது. அதனால் அதையே தமிழில் பெரிய எழுத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். நான் சொன்னது தவறு, அளந்ததும் தவறு, உப்புநீர் எந்த மனிதரையும் வெயிலில் இருந்தோ கதிர்வீச்சில் இருந்தோ காப்பாற்றாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மரக்காணத்துக்கு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது காலை வாரல் முடிந்து பெண்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் தப்பு பண்ணிட்டேன் அத்தை என்றேன். ஊரே கொண்டாடிய பெண் நான். அத்தை என் முகத்தையே பார்த்தார். சரி, அதை இங்க நின்னு சொல்லாதே, வா என்று முன்னால் நடந்தார். அம்மாவும் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

குத்தகைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. கொண்டு போன தாளைச் சத்தமாகப் படித்தேன். படித்து முடித்துவிட்டு, சுவரில் இருந்த செய்தியை உறையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தேன். பாதியாகக் கிழிந்து வந்தது.

அவர் முகம் மாறியது. ஆனாலும் சத்தம் போடவில்லை. "அது என் சுவரும்மா" என்றார்.

"அதுல இருக்கிறது என் பேருங்க" என்றேன்.

மீதிப் பாதியையும் கிழித்தேன். அவர், அன்னைக்கு ஒண்ணு சொன்னே, இன்னைக்கு ஒண்ணு சொல்றே, நான் எதை நம்புறது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தேன்.

"ரெண்டையும் நம்ப வேணாங்க. என் பேச்சை விடுங்க. இவங்க காலைப் பாருங்க."

அத்தை முன்னால் வந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பக்கத்தில் இருந்த உப்பு மூட்டையின் மேல் தன் காலைத் தூக்கி வைத்தார். விரல் இடுக்கெல்லாம் புண். குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு. இன்னொரு பெண்ணும் வந்து காலை வைத்தார். குத்தகைக்காரர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அம்மா பேசினார். அவ்வளவு பேர் முன்னால் அம்மா பேசி நான் பார்த்ததே இல்லை.

"படிச்ச பொண்ணு, தப்பு பண்ணிட்டேன்னு இத்தனை பேர் முன்னால சொல்லிட்டா. நீங்க கொட்டாய் போடறேன்னு சொல்றதுல என்னங்க கஷ்டம்?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் பெண்கள் உப்பளத்துக்கு வந்தார்கள். ஆனால் யாரும் பாத்தியில் இறங்கவில்லை. உப்பு வாருகிற பலகையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வரப்பில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். நானும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. அம்மா தன் முந்தானையை என் தலை மேல் போட்டார். விளைந்த உப்பு அப்படியே கிடந்தது. இரண்டாம் நாள் மேகம் கூடியது. மழை விழுந்தால் உப்பு கரைந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும், குத்தகைக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பெண்கள் மேகத்தைப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் பெருமுக்கல் பக்கம் இருந்து மூங்கிலும் கீற்றும் ஏற்றிய டிராக்டர் வந்தது.

கொட்டாய் வந்தது, டிரம் வந்தது. பூட்ஸ் அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடம் வந்தபோதும் பாதிப் பேருக்குத்தான் வந்தது, அதற்கு மறுபடி உட்கார வேண்டியிருந்தது. எல்லாம் ஜெயித்துவிட்டோம் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவின் கண் சரியாகவும் இல்லை.

என் பெட்டியைக் கட்டிவிடுகிற மனநிலையில்தான் லேபுக்குத் திரும்பினேன். மேடம் என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை செமினார், நீதான் பேசற, எல்லா கிராஃபையும் போட்டுக் காட்டு என்றார். மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தை நான் ஊரில் இருந்தபோதே திரும்பப் பெற்றிருந்தார். செமினாரில் பின்வரிசையில் இருந்த ஒருவர், உப்பு இருக்குதுன்னு கூடவா பார்க்க மாட்டீங்க என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் எழுந்து, அந்தத் தப்பு என் லேபில் நடந்தது, என்னிடம் கேளுங்கள் என்றார். அவர் உட்காரவே இல்லை, நான் பேசி முடிக்கிற வரைக்கும் முன்வரிசையில் நின்றுகொண்டே இருந்தார்.

முதலில் இருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். இந்த முறை ஒவ்வொரு மாதிரியிலும், எடை மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செய்த அதே துண்டை அளந்து கலந்தோம். உப்பு மறைத்தால் இரண்டையும் சேர்த்துத்தான் மறைக்க முடியும், அப்போது எவ்வளவு மறைந்தது என்று கணக்குப் பார்த்துவிடலாம். 2006-ல் சரியான விடை வந்தது. எங்கள் ஊர் உயிரும் அடிபடுகிறது. மற்றதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் நாங்கள் பெருமையடித்ததைவிட எவ்வளவோ அதிகம். அடிபட்ட இடங்களை அது சில மணி நேரத்தில் தானே சரி செய்துகொள்கிறது. பத்திரிகையில் போடுகிற அளவுக்குப் பெரிய செய்தி இல்லை. நிருபர் யாரும் வரவில்லை. ஆனால் அந்த கிராஃபில் என் பெயரைத் தயங்காமல் போட்டேன். என் பட்டம் மட்டும் இரண்டு வருடம் தள்ளிப் போனது.

இப்போது நானும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தப்பாக அளந்தவர்களை நான் திட்டுவதில்லை, தெரிந்த பிறகும் பேசாமல் இருப்பவர்களைத்தான் திட்டுகிறேன். யாராவது ஒருவர், விஞ்ஞானமே சொல்லிவிட்டது என்று சொல்லி ஒரு உழைப்பாளியின் வாயை அடைத்தால், அது எந்த விஞ்ஞானம், யார் அளந்தது, எப்படி அளந்தது என்று கேட்காமல் அந்த இடத்தை விட்டு இன்றைக்கும் நான் நகர்வதில்லை.